மேலே ஒரு வரி

போன மாதம் மட்டக்களப்பு நாவலடியை வைத்து ஒரு சிறுகதை போட்டிருந்தேன். 2004 மார்கழி 26, சுனாமி வந்த நாள். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, நடுவே ஒடுங்கிய மணல். தென்னையைக் கட்டிப் பிடித்திருந்த தாயின் கையிலிருந்து பிள்ளை நழுவுவதை மூன்று பந்திக்கு இழுத்திருந்தேன். 'அருமை', 'உலுக்கிவிட்டது' என்று நிறையப் பேர் எழுதினார்கள். எனக்கும் புளுகம்தான்.

இரவு பதினொன்றரைக்கு உள்பெட்டியில் ஒரு குரல்பதிவு வந்தது. கல்லடிப் பக்கத்து அம்மா ஒருவர். "மனே, தண்ணி வாற கதையெண்டு மேல ஒரு சொல்லுப் போட்டிருக்கலாமே. பகல்ல, ஆக்கள் இருக்கக்குள்ள வாசிச்சிருப்பன்."

ஏன் எழுதினாய் என்று அவர் கேட்கவில்லை. எப்போது வாசிப்பது என்பதைத் தன்னிடம் விட்டிருக்கலாம் என்கிறார், அவ்வளவுதான்.

முன்கூட்டிச் சொன்னால் கதை செத்துப்போகும் என்றான் எழுதுகிற கூட்டாளி ஒருவன். எனக்கு அது பிடிபடவில்லை. எங்கள் வடமோடிக் கூத்தில் அபிமன்யு சாவான் என்பது களரியைச் சுற்றி இருக்கிற சின்னப் பிள்ளைக்கும் தெரியும். தெரிந்துகொண்டேதான் விடிய விடியக் கண்விழித்துப் பார்க்கிறோம். அவன் விழும்போது அழவும் செய்கிறோம்.

சாவுச் செய்தியையே நாங்கள் நேரே சொல்வதில்லையே. "அவருக்குக் கொஞ்சம் கடுமையாம், ஒருக்கா வந்திட்டுப் போங்க" என்போம். கேட்டவருக்கு விளங்கிவிடும். ஆனாலும் பஸ்ஸில் வந்து இறங்கும்வரை ஒரு அவகாசம் கிடைக்கிறது.

மறுபக்கமும் இருக்கிறது. 2023இல் 12 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஓர் உளவியல் கட்டுரை, இப்படியான எச்சரிக்கை துயரத்தைக் குறைப்பதில்லை, வாசிக்கும் முன் பதற்றத்தைத்தான் கூட்டுகிறது என்றது. சரி, இருக்கட்டும். அந்த அம்மா கேட்டது மருந்து இல்லையே.

எனக்கு எரிச்சல் தருவது 'இளகிய மனம் கொண்டோர் வாசிக்க வேண்டாம்' வகைதான். அது கடைவாசலில் நின்று கூவி ஆள் பிடிக்கிற வேலை. என்ன வருகிறது என்று சொன்னால் போதும்: கடல், பிள்ளையின் சாவு. அதற்காக ஒவ்வொரு கண்ணீருக்கும் பலகை நாட்டவும் வேண்டாம். (எங்கள் மாவட்டத்தில், படுகொலைகள் நடந்த 'தொண்ணூறாம் ஆண்டு' என்று ஒரு கதை தொடங்கினால் வேறு எச்சரிக்கையே தேவையில்லை.)

கதைக்கு மேலே இப்போது அந்த வரி இருக்கிறது. அவர் ஒரு பகலில் திரும்ப வாசித்துவிட்டு மறுபடியும் குரல்பதிவு அனுப்பினார். "பிள்ளை அம்மா எண்டு கூப்பிட்டது எண்டு எழுதியிருக்கீங்க மனே. தண்ணிச் சத்தத்தில ஒண்டும் கேக்கல்ல."

அந்தப் பந்தியை இன்னும் திருத்தவில்லை.