நடிக்கிறான் என்று சொல்வதற்கு முன்

போன வருடம் ஒரு நாள் காலையில் என் மகன் வயிறு வலிக்கிறது என்றான். அன்று கணக்குப் பரீட்சை. நடிக்கிறான் என்றுதான் நினைத்தேன். திட்டிக்கொண்டே சீருடையை எடுத்து வைத்தேன். அரை மணி நேரம் கழித்துப் போய்ப் பார்த்தால், முழங்காலை நெஞ்சோடு சேர்த்துச் சுருண்டு கிடந்தான். நெற்றியில் கை வைத்தேன், கொதித்தது. குடல்வால் வீங்கியிருந்தது. அன்று சாயங்காலமே ஆபரேஷன்.

அமெரிக்காவில் ‘வனச் சிகிச்சை’ பற்றி நடக்கும் சண்டையைப் படிக்கும்போதெல்லாம் அந்த அரை மணி நேரம்தான் நினைவுக்கு வருகிறது.

போதை, பள்ளிக்குப் போக மறுப்பது, தற்கொலை எண்ணம் என்று தடுமாறும் பதின்வயதுப் பிள்ளைகளை யூட்டாவின் பாலைநிலத்துக்கோ எங்காவது ஒரு மலைக்காட்டுக்கோ கொண்டுபோய், வாரக்கணக்கில் நடக்கவைத்து, தார்ப்பாய்க்கு அடியில் படுக்கவைத்து, ‘திருத்தி’ அனுப்புகிறோம் என்கின்றன சில தனியார் நிறுவனங்கள். நாளொன்றுக்குப் பல நூறு டாலர் கட்டணம். பிள்ளை வர மறுத்தால் அதற்கும் கூலிக்கு ஆள் உண்டு. விடிவதற்கு முன் படுக்கையறைக்குள் நுழைந்து எழுப்பிக் கூட்டிப்போவார்கள். பெற்றோர் கையெழுத்துப் போட்டிருந்தால் போதும்.

1994இல் யூட்டாவின் எஸ்கலாண்டே பக்கம் இப்படி ஒரு முகாமில் 16 வயதுப் பையன் ஒருவன் வயிற்றுவலி என்று நாள்கணக்கில் சொல்லிக்கொண்டே இருந்தான். பாசாங்கு என்றார்கள் ஊழியர்கள். பட்டினி, குளிர், முதுகில் சுமை. 20 பவுண்டுக்கு மேல் எடை குறைந்து செத்துப்போனான். குடற்புண் ஓட்டையாகி, வயிறு முழுக்கச் சீழ் பரவியிருந்தது. அதற்கு 4 வருடம் முன்பு, 1990இல், தாகம் தாகம் என்று கெஞ்சிய 15 வயதுப் பெண்ணையும் நடிக்கிறாள் என்றே சொன்னார்கள். அவள் உடலில் நீர் வற்றி இறந்தாள். அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு 2007இல் இப்படிப்பட்ட 10 மரணங்களை ஆராய்ந்து அறிக்கை கொடுத்தது. அதைப் படித்தால் ‘நடிக்கிறார்கள்’ என்ற அதே பேச்சு திரும்பத் திரும்ப வருகிறது.

பழைய கதை என்று தள்ளவும் முடியவில்லை. 2024 பிப்ரவரியில் வட கரோலினாவின் ட்ரெய்ல்ஸ் கரோலினா முகாமுக்கு வந்த 12 வயதுப் பையன், வந்த மறுநாள் காலையிலேயே பிணமாகக் கிடந்தான். பையனைப் படுக்கவைத்திருந்த உறைபோன்ற சிறு கூடாரத்தின் வாயை மூடி, திறந்தால் சத்தம் போடும் கருவியையும் மாட்டியிருந்தார்கள். மூச்சுத்திணறிச் சாவு, அதுவும் கொலை வகை என்றது பிரேதப் பரிசோதனை. முகாமின் உரிமத்தை மாநிலம் பறித்தது. ஆனால் வழக்குப் போடப் போதிய ஆதாரம் இல்லை என்று அரசு வழக்கறிஞர் சொல்லிவிட்டார்.

அனுப்பிய பெற்றோரை வில்லனாக்க எனக்கு மனம் வரவில்லை. ராத்திரி முழுக்கப் பிள்ளையின் அறைக்கதவுக்கு வெளியே உட்கார்ந்திருப்பவளுக்கு யார் நம்பிக்கை கொடுத்தாலும் பிடித்துக்கொள்ளத்தான் தோன்றும். அந்த முகாம்கள்தான் எங்களைக் காப்பாற்றின என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள், அவர்கள் பொய் சொல்லவில்லை. நடப்பதும் மலை ஏறுவதும் நல்லதுதான். 1941இல் வேல்ஸ் கடற்கரையில் கர்ட் ஹான் என்ற கல்வியாளர் ஆரம்பித்த அவுட்வர்ட் பவுண்ட் அமைப்பு இன்றும் உலகம் முழுக்கப் பிள்ளைகளை மலைக்கும் கடலுக்கும் கூட்டிப்போகிறது.

சரி, அப்படியானால் எது கெடுக்கிறது? இந்த முகாம்கள் பலவற்றில் பெற்றோருக்கு முன்கூட்டியே ஒரு பாடம் நடத்துகிறார்கள்: ‘உங்கள் பிள்ளை வீட்டுக்குக் கூட்டிப்போகச் சொல்லி எழுதுவான், இங்கே கொடுமை என்பான், நம்பாதீர்கள்.’ கடிதம் ஊழியர் கண்ணில் பட்டுத்தான் வெளியே போகும். போன் கிடையாது. பிள்ளை சொல்வதெல்லாம் பொய் என்று முடிவு கட்டியபின் உண்மையை அவன் யாரிடம் போய்ச் சொல்வான்? என் மகன் பக்கத்து அறையில் இருந்தான், என் கைக்கு எட்டினான்.

பதின்வயதில் இதுபோன்ற நிறுவனங்களில் அடைபட்டிருந்த அமெரிக்கப் பிரபலம் பாரிஸ் ஹில்டன் போன்றவர்கள் தங்களுக்கு நேர்ந்ததை நாடாளுமன்றம் வரை போய்ச் சொல்லி, 2024 டிசம்பரில் ஒரு சட்டம் வந்திருக்கிறது. நல்ல ஆரம்பம். ஆனால் அது பெரும்பாலும் ஆய்வு செய்யச் சொல்லும் சட்டம்தான், எந்த முகாமின் கதவையும் அது நாளைக்கே தட்டாது.

நான் கேட்பது இரண்டுதான். வலிக்கிறது என்று ஒரு பிள்ளை சொன்னால், அந்த நிறுவனத்தில் சம்பளம் வாங்காத ஒரு டாக்டர் அன்றைக்கே பார்க்க வேண்டும். அப்புறம், யாரும் பக்கத்தில் நிற்காமல் வீட்டோடு போனில் பேச விட வேண்டும். இதற்கு ஒப்புக்கொள்ளாத முகாம் எவ்வளவு அழகான மலையில் இருந்தாலும் அதற்கு உரிமம் கொடுக்கக் கூடாது.