‘அங்கேயா?’ என்று கேட்டவர்களுக்கு

ஞாயிற்றுக்கிழமை நம் பழைய மாணவர் சந்திப்பில் நடந்ததைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் நான்கு நாளாக இருந்தேன். 85 பேட்ச்சில் பாதிப் பேர் இதைப் படிப்பீர்கள். மைக்கில் அவன் பேசியதை நேரிலேயே கேட்டீர்கள். வராதவர்களுக்கு வீடியோ போய்ச் சேர்ந்துவிட்டது. அதனால் அவன் பெயரை நான் சொல்ல வேண்டியதில்லை. அவன் எனக்கு எதிரியும் இல்லை, மூன்று வருஷம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன். “முப்பத்தோரு வருஷம் சிங்கப்பூர்ல இருந்துட்டு திரும்பி வரப் போறானாம். எங்கன்னு கேளுங்க... தண்டையார்பேட்டைக்கு!” என்று என்னைப் பற்றிச் சொன்னான். மண்டபமே சிரித்தது. முன்வரிசையில் இருந்து யாரோ “அங்கேயா?” என்று கேட்டார்கள். அதற்கும் ஒரு சிரிப்பு.

நாம் உட்கார்ந்திருந்த மண்டபமும் அதே வட சென்னையில், ராயபுரத்தில்தான். சிரித்தவர்களில் முக்கால்வாசிப் பேர் பிறந்தது ஸ்டான்லியிலோ ஆர்.எஸ்.ஆர்.எம். பிரசவ ஆஸ்பத்திரியிலோதான். இன்று போரூரிலும் நாவலூரிலும் இருக்கிறீர்கள், சந்தோஷம். ஆனால் அன்று நீங்கள் சாப்பிட்ட வஞ்சிரக் குழம்பு என் அக்கா வைத்தது. விடியற்காலை மூன்று மணிக்குக் காசிமேட்டுக்குப் போய், ஏலம் முடியும்வரை நின்று, மீன் வாங்கி வந்து வைத்தது. நீங்கள் சிரித்த நேரத்தில் அவள் கரண்டியைக் கையில் பிடித்துக்கொண்டு சுவர் ஓரமாக நின்றிருந்தாள். அவளுக்கு 62 வயது. அந்த 62 வருஷமும் தண்டையார்பேட்டையில்தான் இருந்திருக்கிறாள்.

திரும்பும்போது ஆட்டோவில் ரொம்ப நேரம் பேசவில்லை. கல்மண்டபம் தாண்டியதும் கேட்டாள்: “இன்னாடா, நாங்க இருக்கிற எடம் அவ்ளோ கேவலமாவா கீது?”

இதற்கு நான் என்ன பதில் சொல்வது? சிரித்தவர்கள் சொல்லுங்கள்.

நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்றுதான். ஊருக்குத் திரும்புவது என்றால் ஊருக்குத்தான் திரும்ப வேண்டும். முப்பது வருஷம் கழித்து வந்து, பிறந்த தெருவில் இருந்து முப்பது கிலோமீட்டர் தள்ளி, கேட்டில் காவலாளி நிற்கிற அடுக்குமாடியில், பக்கத்து வீட்டுக்காரர் யாரென்றே தெரியாமல் குடியேறுவதற்குப் பெயர் திரும்புவது இல்லை. அது இன்னொரு ஊருக்குக் குடிபோவது. அப்படிப் போகிறவர்களை நான் தப்பு சொல்லவில்லை. அதற்கு என்னைக் கூப்பிடாதீர்கள் என்கிறேன், அவ்வளவுதான். அந்த மாதிரி வாழ்வதற்கு நான் சிங்கப்பூரிலேயே இருந்துவிடலாமே. அங்கே லிஃப்ட்டாவது நிற்காமல் ஓடுகிறது.

இன்னும் முடிவெடுக்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். மைக்கில் அவன் ஏதோ எல்லாம் முடிந்துவிட்ட மாதிரிச் சொன்னான். நானும் என் மனைவியும் இரண்டு வருஷமாகக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறோம். நோட்டில் இடது பக்கம் அவள் எழுதுவாள், வலது பக்கம் நான் எழுதுவேன்.

பணத்தைப் பற்றிக் கேட்கிறவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். சிங்கப்பூர் நிரந்தரவாசி (பிஆர்) அட்டையைத் திருப்பிக் கொடுத்து நிரந்தரமாகக் கிளம்பினால் சிபிஎஃப் என்கிற சேமநிதிப் பணத்தை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அங்கே இருக்கிற மெடிஷீல்டு லைஃப் மருத்துவக் காப்பீடு அத்தோடு போய்விடும். எனக்குச் சர்க்கரை இருக்கிறது. இங்கே புதிதாகப் பாலிசி எடுத்தால், ஏற்கெனவே இருக்கிற நோய்க்குக் காத்திருப்புக் காலம் அதிகபட்சம் 3 வருஷம் என்று 2024இல் குறைத்திருக்கிறார்கள். முன்பு அது 4 வருஷம். அந்த 3 வருஷத்துக்கு என்று தனியாகப் பணம் ஒதுக்கி வைத்திருக்கிறோம். வந்து இறங்கியதும் என்ஆர்ஐ கணக்குகளை மாற்ற வேண்டும். கடந்த 10 வருஷத்தில் 9 வருஷம் வெளிநாட்டுவாசியாக இருந்தவனுக்கு, வெளிநாட்டில் வருகிற வருமானத்துக்கு முதல் இரண்டு மூன்று வருஷம் இங்கே வரி இல்லை. இதெல்லாம் ஆடிட்டரிடம் உட்கார்ந்து கேட்டாயிற்று. கணக்கு உதைக்கவில்லை.

பிள்ளைகள்? பையன் அங்கே இரண்டு வருஷம் நேஷனல் சர்வீஸ் என்கிற கட்டாயப் படைச் சேவையை முடித்தவன். எனக்குத் தண்டையார்பேட்டை எப்படியோ அவனுக்குச் சிங்கப்பூரின் ஈசூன் அப்படி. அவன் ஊரை விட்டு அவனை வரச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. நாலு மணி நேர விமானம், வந்து போகட்டும்.

இனி, சிரிப்புக்கு உள்ளே இருந்த விஷயத்துக்கு வருகிறேன். “அந்தக் காத்தை எப்படிடா சுவாசிப்ப?” என்று அன்று சாப்பிடும்போது இரண்டு பேர் அக்கறையாகத்தான் கேட்டார்கள். நியாயமான கேள்வி. மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை இருக்கிறது, உர ஆலை இருக்கிறது, அத்திப்பட்டுப் பக்கம் அனல் மின் நிலையம், கொடுங்கையூரில் குப்பை மலை. நான் எதையும் மறைக்கவில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர்க் கழிமுகம் முழுக்கக் கறுப்பானது. அந்த மாதமே 26ஆம் தேதி இரவு, பெரியகுப்பத்தில் கடலுக்குள் போகிற குழாயில் அமோனியா கசிந்தது. அக்கா மகள் வீடு அங்கிருந்து கொஞ்ச தூரம்தான். கைக்குழந்தையின் முகத்தில் ஈரத்துணியைப் போட்டுக்கொண்டு நடுராத்திரியில் வண்டியில் அக்கா வீட்டுக்கு ஓடி வந்தாள். நான் சிங்கப்பூரில் படுத்துக்கொண்டு அதை போனில் படித்தேன். திரும்பத் திரும்ப அழைத்தேன், யாரும் எடுக்கவில்லை. அந்த ராத்திரியை நான் மறக்க மாட்டேன்.

அதனால் காற்றைப் பற்றி எனக்குத் தெரியாது என்று நினைக்காதீர்கள். என் கேள்வி வேறு. நான் சுவாசிக்கக் கூடாத காற்றை என் அக்கா மட்டும் சுவாசிக்கலாமா? “உனக்கு அந்த இடம் ஆகாது” என்று என்னிடம் சொல்கிறீர்களே, அவளிடம் ஒரு நாளாவது சொன்னீர்களா? அவள் உடம்பு என்ன வேறு மண்ணில் செய்ததா?

அக்காவுக்கு ஒரு பழக்கம் உண்டு. மாடியில் துணி காயப்போடுவதற்கு முன்னால் ஈரமான பழைய துணி ஒன்றை எடுத்து, கொடிக்கயிற்றை அதற்குள் வைத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டு, இந்தக் கோடியில் இருந்து அந்தக் கோடிவரை ஒரே இழுப்பாக இழுப்பாள். துணியை விரித்தால் நடுவில் கறுப்பாக ஒரு கோடு இருக்கும். அந்தத் துணியை அலசிவிட்டு மறுபடியும் ஒரு இழுப்பு. கோடு வெளுத்த பிறகுதான் வாளியில் இருந்து சட்டையை எடுப்பாள். இதை அம்மாவிடம் இருந்து கற்றுக்கொண்டாள். துறைமுகத்தில் நிலக்கரி இறக்கிய காலத்தில் எங்கள் பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையைக் காப்பாற்ற அம்மா கண்டுபிடித்த வழி அது. உங்கள் அம்மாக்களும் செய்தார்கள். மறந்துவிட்டதா?

அந்த நிலக்கரியைச் சென்னைத் துறைமுகத்தில் கையாளக் கூடாது என்று 2011இல் உயர் நீதிமன்றம் சொன்னது. அது தானாக நடந்ததா? ராயபுரத்திலும் தண்டையார்பேட்டையிலும் இருந்தவர்கள் மனுப் போட்டார்கள், தெருவில் நின்றார்கள், வழக்குக்கு அலைந்தார்கள். கழிமுகத்தில் எண்ணெய் கலந்தபோது முதலில் குரல் கொடுத்தது படகு கறுத்துப்போன மீனவர்கள். அமோனியா கசிந்த பிறகு வாரக்கணக்கில் உட்கார்ந்து போராடியது அங்கே இருக்கிற பெண்கள். கிளம்பிப் போன நாம் என்ன செய்தோம்? நான் என்ன செய்தேன்? 31 வருஷத்தில் ஒரு ஓட்டுக்கூடப் போடவில்லை. வெளிநாட்டில் இருக்கிற இந்தியக் குடிமகன் நேரில் வந்துதான் ஓட்டுப் போட முடியும், நான் ஒரு முறையும் அதற்காக லீவு எடுக்கவில்லை. கல்யாணத்துக்கு எடுத்தேன், காதுகுத்துக்கு எடுத்தேன். இத்தனைக்கும் இன்றுவரை என்னிடம் இருப்பது இந்திய பாஸ்போர்ட். அதை மாற்ற எனக்கு மனம் வரவில்லை. மாற்றிக்கொண்ட நண்பர்கள், வெளிநாட்டுக் குடிமகனாகிவிட்ட இந்தியர்களுக்குத் தருகிற ஓசிஐ அட்டையோடு வரலாம், காலம் முழுக்க இருக்கலாம், ஆனால் ஓட்டு கிடையாது. எனக்கு அந்த ஓட்டு வேண்டும். அக்கா போடுகிற அதே பள்ளிக்கூடத்தில், அதே வரிசையில் நின்று போட வேண்டும்.

“உன்கிட்ட சிங்கப்பூர் காசு இருக்கு, நீ பேசுவ” என்று யாராவது சொல்வார்கள் என்று தெரியும். ஆமாம், இருக்கிறது. கப்பல் பட்டறையில் டாங்க்குக்குள் குனிந்தபடி வெல்டிங் அடித்துச் சேர்த்த காசு. முதல் எட்டு வருஷம் ஒரு அறையில் பன்னிரண்டு பேர். அந்தக் காசில்தான் அப்பாவின் கடன் அடைந்தது, அக்கா வீட்டு மாடி எழும்பியது. அதை வைத்து நான் யாரையும் தாழ்த்திப் பேசியதில்லை. காசு வந்தவன் எல்லாம் வட சென்னையை விட்டுப் போய்விட வேண்டும் என்று யார் சட்டம் போட்டது?

அப்புறம், “இதெல்லாம் வெறும் பாசம், வந்து ஆறு மாசம் இருந்தா தெளிஞ்சிடும்” என்கிறவர்கள். இருக்கலாம். பாசம் என்பதில் என்ன கேவலம்? என் அப்பா லேத் பட்டறையில் வேலை செய்தவர். 1982இல் அவர் வலது கை மிஷினில் மாட்டி இரண்டு விரல் தொங்கிக்கொண்டிருந்தது. தூக்கிக்கொண்டு ஓடியது தெருக்காரர்கள். ஸ்டான்லியில் கை அறுவைச் சிகிச்சைக்கென்றே தனிப் பிரிவு இருந்தது, இன்றும் இருக்கிறது. ஒரு பைசா வாங்காமல் விரலை ஒட்ட வைத்தார்கள். இரண்டு மாதம் எங்கள் வீட்டில் உலை வைத்தது பக்கத்து வீட்டு ஆயா.

அந்த ஆயாவைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். பர்மாக்கார ஆயா என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம். 1962இல் அங்கே ராணுவ ஆட்சி வந்து, கடைகளை எல்லாம் அரசே எடுத்துக்கொண்ட பிறகு, கப்பல் கப்பலாக வந்தவர்களில் அவரும் ஒருவர். காதுத் தோட்டைக்கூடக் கழற்றி வாங்கிக்கொண்டுதான் ஏற்றினார்கள் என்பார். பிறந்ததும் வளர்ந்ததும் ரங்கூனில். ஊர் என்று சொல்லிக்கொள்ள இங்கே ஒரு கூரை கிடையாது. அவரைப் போன்றவர்களைத் தாங்கியது எது? வியாசர்பாடி தாங்கியது, எண்ணூர் பர்மா நகர் தாங்கியது, எங்கள் தெரு தாங்கியது. அவர் சாயங்காலம் வாசலில் அத்தோ போடுவார். ஆரஞ்சு நிற நூடுல்ஸ், முட்டைக்கோஸ், பொரித்த வெங்காயம், பூண்டு எண்ணெய், புளித்தண்ணி, மேலே நொறுக்கிப் போட்ட தட்டை. எல்லாவற்றையும் அலுமினியச் சட்டியில் போட்டு விரல் நுனியால் தூக்கித் தூக்கிப் புரட்டுவார். அழுத்திப் பிசைய மாட்டார். பிசைந்தால் குழைந்துவிடும் என்பார். கூடவே வாழைத்தண்டு சூப், கேட்காமலே இரண்டாவது கரண்டி ஊற்றுவார்.

ஒன்றுமே இல்லாமல் திரும்பி வந்த அவரைப் பார்த்து எங்கள் தெருவில் யாரும் “இங்கேயா?” என்று கேட்கவில்லை. கையில் காசோடு திரும்பி வருகிற என்னைப் பார்த்து, அதே தெருவில் வளர்ந்தவர்கள் கேட்கிறீர்கள்.

வட சென்னை என்றால் கத்தியும் ரவுடியும் என்று சினிமாக்காரர்கள் காட்டியதை வெளியூர்க்காரன் நம்பினால் பரவாயில்லை. நீங்கள் நம்பலாமா? தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856இல் கிளம்பியது நம் ராயபுரத்தில் இருந்து. அந்தக் கட்டடத்தின் நிழலில் கோலி ஆடியவர்கள் நாம். இன்று விமான நிலையத்தில் மெட்ரோ ஏறினால் வண்டி மாறாமல் தண்டையார்பேட்டையில் இறங்கலாம். 2021 பிப்ரவரியில் அந்தத் தடம் திறந்தபோது அக்கா போன் பண்ணி, “டேய், இனிமே நீ வந்து எறங்கினா டாக்ஸிக்காரன்கிட்ட பேரம் பேச வேணாம்டா” என்றாள். அவள் குரலில் இருந்த பெருமையைக் கேட்டிருந்தால் ஞாயிற்றுக்கிழமை நீங்கள் சிரித்திருக்க மாட்டீர்கள்.

போனவன் எல்லாம் ஜெயித்தவன், அங்கேயே இருப்பவர்கள் எல்லாம் போக முடியாமல் மாட்டிக்கொண்டவர்கள் என்று எப்போது நாம் நினைக்க ஆரம்பித்தோம்? அக்காவுக்கு இரண்டு முறை வேறு இடம் பார்த்தேன். ஒரு முறை அட்வான்ஸே கொடுத்துவிட்டேன். வரமாட்டேன் என்றுவிட்டாள். முப்பது வருஷம் பால்வாடியில் வேலை பார்த்தவள். அவள் சோறூட்டிய பிள்ளைகள் இன்று அந்தத் தெருக்களில் ஆட்டோ ஓட்டுகிறார்கள், துறைமுகத்தில் வேலை செய்கிறார்கள், ஒரு பெண் ஸ்டான்லியில் நர்ஸ். சாலையில் நடந்தால் பத்தடிக்கு ஒருவர் “டீச்சர்” என்று நிற்கிறார்கள். அவள் மாட்டிக்கொண்டவளா?

அவனுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மன்னிப்பு எல்லாம் எனக்கு வேண்டாம், நீ கேட்கவும் மாட்டாய். முடிந்தால் ஒரு நாள் அக்கா வீட்டுக்கு வா. சின்ன வயதில் அவள் கையால் எத்தனை நாள் சாப்பிட்டிருப்பாய். உன்னை அன்று மண்டபத்தில் பார்த்ததும் முதலில் அடையாளம் கண்டுகொண்டது அவள்தான். “ஒல்லியா இருந்த புள்ள, பார்றா” என்று சந்தோஷப்பட்டாள். அது நீ மைக்கைப் பிடிப்பதற்கு முன்னால்.

அடுத்த சனிக்கிழமை எனக்கு விமானம். மனைவி இன்னும் சரி என்று சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. நேற்று கொத்தனாரைக் கூப்பிட்டு மாடி அறையைக் காட்டினோம். மேற்குப் பக்கம் ஒரு ஜன்னல் இருக்கிறது. ராத்திரியில் காற்று திரும்பினால் மணலி வாடை அது வழியாகத்தான் வரும். அதைச் செங்கல் வைத்து அடைத்துவிடலாமா என்று கொத்தனார் கேட்டார். அடைத்தால் சாயங்கால வெளிச்சம் போய்விடும், அறை இருட்டாகிவிடும் என்றாள் அக்கா. பிறகு என்னைப் பார்த்து, “நீ தங்கறதுன்னா சொல்லு, நீ சொல்றபடி செய்யலாம்” என்றாள்.

கொத்தனார் திங்கட்கிழமை வருகிறார். அதற்குள் சொல்ல வேண்டும்.