மழலை வேறு, தாமதம் வேறு

குழந்தை பேசத் தாமதமாவதைப் பற்றி ஒரு மேடையில் நடந்ததை நீங்களும் பார்த்திருப்பீர்கள். "ரெண்டு வயசாகுது, ஆறு வார்த்தைதான் சொல்றான். எது வேணும்னாலும் என் கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போறான்" என்று ஒரு அம்மா தயங்கித் தயங்கிக் கேட்டார். "ஆம்பளப் பசங்க லேட்டாத்தான் பேசுவாங்கம்மா, அவனா பேசுவான்" என்று மேடையிலிருந்து பதில் வந்தது. அரங்கமே கைதட்டியது. அந்த அம்மா அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

அவர் சொன்னதில் பாதியை, கையைப் பிடித்து இழுக்கிறான் என்பதை, யாரும் காதில் வாங்கவே இல்லை. ஒரு வயதையொட்டி குழந்தை விரல் நீட்டிக் காட்டத் தொடங்கும். காக்காவைக் காட்டிவிட்டு, நீங்களும் பார்த்தீர்களா என்று உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்க்கும். 18 மாதத்திலும் இது இல்லையென்றால், எத்தனை வார்த்தை பேசினாலும் மருத்துவரிடம் காட்ட வேண்டும். வந்த வார்த்தைகள் நின்றுபோனால் எந்த வயதானாலும் உடனே போக வேண்டும்.

மழலை வேறு, தாமதம் வேறு. மூன்று வயதில் ரயிலை 'லயில்' என்பது மழலை. ர, ற, ழ எல்லாம் மெதுவாகத்தான் வரும். இரண்டு வயதில் ஐம்பது வார்த்தை இல்லை, 'அம்மா வா', 'பால் வேணும்' என்று இரண்டைச் சேர்க்கவும் இல்லை என்றால் அது மழலை இல்லை. ஒரு வாரம் தாளில் எழுதி எண்ணிப் பாருங்கள். பாலுக்கு எப்போதும் 'பா' என்றால் அது வார்த்தை. மாட்டைப் பார்த்து 'ம்மா' என்பதும் வார்த்தை. நீங்கள் சொல்லச் சொல்ல அப்படியே திருப்பிச் சொல்வது சேராது. வீட்டில் இரண்டு மொழி இருந்தால் இரண்டிலும் உள்ளதைக் கூட்டுங்கள். இரண்டு மொழியால் தாமதம் வராது. அதற்காகப் பாட்டியின் மொழியை நிறுத்தச் சொல்பவர்களை நம்பாதீர்கள்.

"சொல்றதெல்லாம் புரியுதே" என்பீர்கள். பந்தைப் பார்க்காமல், கை காட்டாமல், "பந்தை எடுத்துட்டு வா" என்று சொல்லிப் பாருங்கள். பல வீடுகளில் குழந்தை பின்தொடர்வது நம் கண்ணையும் கையையும்தான், சொல்லை இல்லை.

"கதவைச் சாத்தினா திரும்புறான், காது நல்லாத்தான் இருக்கு" என்பார்கள். கதவுச் சத்தம் கனமான சத்தம். அது கேட்கும் குழந்தைக்கு ச, ஸ போன்ற மெல்லிய ஒலிகள் கேட்காமல் போகலாம். சளி பிடித்துச் செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்தால் ஒரு நாள் கேட்கும், ஒரு நாள் மந்தமாகும். பிறந்தபோது செய்த சோதனையில் தேறியது இன்றைக்குச் செல்லாது. பேச்சு தாமதம் என்றாலே முதலில் காதைத்தான் பார்க்க வேண்டும்.

"எங்க அண்ணன் பையன் மூணு வயசுலதான் பேசினான், இன்னிக்கு வாயை மூட மாட்டேங்கிறான்" என்று வருவீர்கள். உண்மைதான். தாமதமாகப் பேசும் பிள்ளைகளில் பலர் எட்டிப் பிடித்துவிடுகிறார்கள். அந்தப் பலரில் உங்கள் குழந்தையும் ஒன்றா என்று இரண்டு வயதில் யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. ஆணுக்கும் பெண்ணுக்கும் உள்ள வித்தியாசம் ஓரிரு மாதம்தான், ஓரிரு வருடம் இல்லை. சோதித்துப் பார்த்து ஒன்றுமில்லை என்றால் நிம்மதியாக வீட்டுக்கு வாருங்கள். அதில் என்ன நஷ்டம்?

அடுத்தது போன். "போனைக் கொடுத்தே கெடுத்துட்டா" என்று அம்மாவைச் சொல்வார்கள். போன் பிடித்துக்கொள்ளும் நேரம் பேச்சுக்கு இல்லாமல் போகிறது, குறைக்கத்தான் வேண்டும். ஆனால் காது மந்தமான பிள்ளைக்குப் போனைப் பிடுங்கினால் காது வந்துவிடுமா? அதென்ன, எப்போதும் 'கெடுத்துட்டா'? பயந்து கேட்க வருகிறவள் ஒருத்தி. அவளையே குற்றவாளியாக்கி அனுப்பினால் அடுத்த முறை எங்கே வாயைத் திறப்பாள்?

அந்த அம்மாவைத் தெரிந்தவர்கள் இதைச் சேர்த்துவிடுங்கள். முதலில் காது பரிசோதனை. இந்த வயதில் சில சோதனைகளைத் தூங்க வைத்துத்தான் செய்வார்கள். அப்படியென்றால் எத்தனை மணிக்கு எழுப்ப வேண்டும், எப்போது பால் கொடுக்கலாம் என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். எழுதிய வார்த்தைத் தாளோடு, அவன் கையைப் பிடித்து இழுப்பதை ஒரு நிமிட வீடியோவாக எடுத்துப் பேச்சுப் பயிற்சியாளரிடம் காட்டுங்கள். அதுவரை "சொல்லு, சொல்லு" என்று நெருக்காதீர்கள். அவன் கண்மட்டத்துக்கு உட்கார்ந்து, ஒன்றைச் சொல்லிவிட்டு, மனசுக்குள் பத்து எண்ணும்வரை காத்திருங்கள். அவன் 'பந்து' என்றால் நீங்கள் 'பெரிய பந்து' என்று சொல்லுங்கள்.