கப்பல் வராத நாளுக்கு யார் கூலி கொடுப்பாங்க?

"எங்கேயோ நடக்குற சண்டைக்கு நீ ஏம்பா புலம்புற?"ன்னு டீக்கடையில ஒரு அண்ணன் கேட்டார். பர்கூர் பக்கம் கிரானைட் பட்டறையில பேக்கிங் பாக்குறவன் நான். அவருக்கு அங்கேயே பதில் சொல்ல வரல. அதான் இங்க எழுதறேன்.

2024 ஆரம்பத்துல மாலத்தீவுல ஒரு குட்டித் தீவுக்கு எங்க கல்லு போக வேண்டியிருந்தது. ரிசார்ட் வேலை. நீச்சல் குளத்தைச் சுத்திப் போடுற வெள்ளைக் கல்லு, ஈரக்கால் வழுக்காம இருக்க நெருப்பு காட்டிச் சொரசொரப்பாக்கினது. அந்த நாட்டுல பாறையே கிடையாது, பவளமும் மணலும்தான். 2024-25க்கு மட்டும் 10 லட்சம் டன் ஜல்லியும் 10 லட்சம் டன் ஆத்து மணலும் அங்க அனுப்ப நம்ம அரசு அனுமதி கொடுத்திருந்தது. கல்லை வாங்கின காண்ட்ராக்டர்கிட்ட என் தங்கச்சி வீட்டுக்காரரை மேஸ்திரியா சேர்த்துவிட்டதும் நான்தான். அதான் உறுத்துது.

2023 நவம்பர்ல ஏமன் நாட்டு ஆயுதக் குழுவான ஹவுதிகள் செங்கடல்ல கேலக்ஸி லீடர்ங்கிற சரக்குக் கப்பலைப் பிடிச்சாங்க. அடுத்த மாசமே பெரிய கம்பெனிக் கப்பலெல்லாம் சூயஸ் கால்வாயை விட்டுட்டு ஆப்பிரிக்காவைச் சுத்த ஆரம்பிச்சுது. பத்துப் பதினாலு நாள் கூடுதல். மாலத்தீவு அந்த வழியிலேயே இல்லையேன்னுதான் நானும் நினைச்சேன். ஆனா ஐரோப்பாவுக்குப் போன கண்டெய்னர் பெட்டி காலியாகித் திரும்பினாத்தானே நமக்கு ஏத்தப் பெட்டி? அது கடல்லயே சுத்திக்கிட்டு இருந்தது. தப்பித் தவறி பெட்டி கிடைச்சாலும் தூத்துக்குடியில ஃபீடர்னு சொல்ற சின்னக் கப்பல்ல ஏறி, கொழும்புல வேற கப்பல் மாறணும். அங்க வழி மாறி வந்த கப்பல்களோட நெரிசல்.

தோணியில போட்டா என்னன்னு கேட்டேன். தூத்துக்குடித் தோணி கண்டெய்னர் இல்லாமலே நேரா மாலே போகும், காய்கறியும் கட்டுமானச் சாமானும் அதுல போய்க்கிட்டுதான் இருக்கு. வாங்கினவர் ஒத்துக்கலை. இன்சூரன்ஸ் பிரச்னையாம்.

பதினாலு மரக்கிரேட்டு, ஒவ்வொண்ணுலயும் என் கையால எழுதின சிவப்பு பெயிண்ட் நம்பர். தீவுல போய் இறங்க ரெண்டு மாசம் தாமதம். அன்னைக்கு ராத்திரி தங்கச்சி வீட்டுக்காரர் போன் பண்ணார். "மச்சான், ஏழாம் நம்பரைத் திறந்தேன். இரும்புப் பட்டையில துரு புடிச்சு வெள்ளைக் கல்லுல இறங்கிடுச்சு. தேய்ச்சும் போகல." சொல்லிட்டு கொஞ்ச நேரம் பேசாம இருந்தார். அப்புறம்தான் மெதுவா சொன்னார், நாப்பது நாளா கூலி இல்லைன்னு. வேலை இல்லாத நாளுக்கு சம்பளம் எப்படி, சாப்பாடு போடுறோம்லன்னு பதில் வந்திருக்கு.

கிருஷ்ணகிரியில ஒரு சைட்டு நின்னா மறுநாள் பைக்கை எடுத்துக்கிட்டு வேற சைட்டுக்குப் போயிடலாம். சுத்தியும் கடல் இருக்குற இடத்துல எங்க போறது?

கப்பல் கம்பெனி போர் ஆபத்துன்னு சொல்லி வாடகையில கூடுதலா வசூல் பண்ணிக்குது. ஏத்துமதி பண்றவர் அதைப் பில்லுல சேர்த்துடுறார். ரிசார்ட்டுக்கும் காண்ட்ராக்டருக்கும் நடுவுல இருக்குற ஒப்பந்தத்துல, போர் வந்தா தாமதத்துக்கு அபராதம் கிடையாதுன்னு ஒரு ஷரத்து. எல்லாருக்கும் ஒரு ஷரத்து இருக்கு. மேஸ்திரிக்கு ஒப்பந்தமே இல்லை, வாட்ஸ்அப்புல வந்த ஒரு வாய்ஸ் மெசேஜ் மட்டும்தான்.

 

போரை நிறுத்தச் சொல்லி பர்கூர்லேர்ந்து நான் என்னத்த கிழிக்க முடியும். நான் கேக்குறது ஒரே ஒரு வரி. சரக்கு வராம ஆளைத் தீவுல உக்கார வெச்சா, அந்த நாளுக்குப் பாதிக் கூலியாவது உண்டுன்னு காகிதத்துல எழுதிக் கொடுங்க. ஆள் சும்மா உக்காரல, உங்க சைட்டை விட்டு நகர முடியாம உக்காந்திருக்கான்.

போன வாரம் அதே காண்ட்ராக்டர் போன் பண்ணி ரெண்டு மேஸ்திரி வேணும்னார். அந்த வரியை எழுதி அனுப்புங்க, ஆள் தர்றேன்னேன். சிரிச்சார். "அப்படியெல்லாம் யாரும் எழுதறதில்லைப்பா." அதுக்கப்புறம் போன் வரல.