பீட்டா பிளாக்கர் வீண் என்று அந்த ஆய்வு சொல்லவில்லை

“இதய நோயாளிகளுக்குப் பீட்டா பிளாக்கரால் (இதயத் துடிப்பின் வேகத்தைத் தணிக்கும் மருந்து) பயனில்லை என்று சுவீடன் ஆய்வு நிரூபித்துவிட்டது, மாத்திரையை நிறுத்திவிடலாம்” என்று சொல்லப்படுவது தவறு. கரோலின்ஸ்கா மருத்துவப் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் நடந்து 2024-இல் வெளியான அந்த ஆய்வில் இடம்பெற்ற 5,020 பேரும் மாரடைப்பு வந்து சில நாட்களே ஆனவர்கள். இதயத்தின் இடது கீழறை ஒவ்வொரு துடிப்பிலும் வெளியேற்றும் ரத்தம், அதில் நிறைந்திருப்பதில் 50 சதவீதத்துக்குக் குறையாதவர்கள், அதாவது இதயத்தின் விசை கெடாதவர்கள். மரணமோ மறு மாரடைப்போ நேர்ந்தது மாத்திரை தரப்பட்டவர்களில் 7.9 சதவீதத்தினருக்கும் தரப்படாதவர்களில் 8.3 சதவீதத்தினருக்கும் என்பதால், இப்பிரிவினருக்கு மட்டும் பயன் தென்படவில்லை என்பது உண்மையே. செய்தித் தலைப்புகள் இந்த ‘மட்டும்’ என்பதைத்தான் விட்டுவிடுகின்றன. விசை குறைந்த இதயச் செயலிழப்பில் இம்மருந்து ஆயுளை நீட்டிப்பது பழைய ஆய்வுகளில் உறுதியானது. அதை இந்த முடிவு தொடவேயில்லை.

மேலும், இங்கே ஒப்பிடப்பட்டது மாத்திரையைத் தொடங்குவதையும் தொடங்காமல் இருப்பதையும்தான். ஏற்கெனவே உட்கொள்பவர்கள் நிறுத்துவதை ஆராய்ந்தது அதே ஆண்டில் வெளியான பிரெஞ்சு ஆய்வு. நிறுத்துவது தொடர்வதற்கு ஈடான பாதுகாப்புடையது என்பதை அதனால் நிறுவ முடியவில்லை. திடீரென நிறுத்தினால் நெஞ்சுவலி கடுமையாகத் திரும்பக்கூடும் என்பதால், இம்முடிவை மருத்துவரிடமே விட வேண்டும்.