மார்க்கேஸ் வீட்டுக்குள் போக முடியாது
கொலம்பியாவின் துறைமுக நகரமான கார்த்தஹேனாவில் சுற்றுலாக் கப்பல் நிற்கும் அரை நாளில் நாவலாசிரியர் காப்ரியேல் கார்சியா மார்க்கேஸின் வீட்டைச் 'சுற்றிப் பார்க்கலாம்' என்று ஒரு பயணக் கட்டுரை சொல்வது சரியல்ல. அது தனியார் வீடு. சாந்தா கிளாரா ஓட்டலுக்கு அருகே, பழைய நகரின் மதிலோரத் தெருவில் நின்று செம்மண் நிறச் சுவரைத்தான் பார்க்க முடியும். அங்கிருந்து சில நிமிட நடையில் லா மெர்செத் மடாலய முற்றம்; 2016 முதல் அவருடைய அஸ்தியின் ஒரு பகுதி அங்கேதான் இருக்கிறது, மேலே மார்பளவுச் சிலை. மடாலயம் இப்போது பல்கலைக்கழகக் கட்டடம் என்பதால் விடுமுறை நாளில் மூடியிருக்கலாம், விசாரித்துவிட்டுப் போங்கள். கட்டுரை விட்டுவிட்ட முக்கியமான இடம் பழைய நகரின் மணிக்கூண்டு வாயிலைத் தாண்டியதும் எதிரே வரும் மிட்டாய்க்காரர் வளைவுகள். கண்ணாடி ஜாடிகளில் தேங்காய் மிட்டாய் அடுக்கியிருக்கும் இந்த வளைவு நடைபாதைதான் மார்க்கேஸின் 'காலரா காலத்தில் காதல்' நாவலில் வரும் எழுத்தர் வளைவு. நாயகி ஃபெர்மினா தன்னைக் காதலிக்கும் ஃப்ளோரெந்தினோவை ஒரு கையசைப்பில் உதறுவது இங்கேதான். நாவல் ஊரின் பெயரையே சொல்வதில்லை, ஆனாலும் அந்த நெரிசலில் நின்றால் காட்சி விளங்கிவிடும். கப்பல் நிற்கும் மாங்கா துறைமுகத்திலிருந்து மணிக்கூண்டு சுமார் 3 கி.மீ.; டாக்சியில் மீட்டர் கிடையாது, ஏறுவதற்கு முன்பே கட்டணத்தைப் பேசிக்கொள்ளுங்கள். வெயிலுக்கு முன், காலையிலேயே வளைவுகளில் தொடங்கி மடாலயத்தில் முடியுங்கள்.