கேஃபீல்டில் ஒரு தணிக்கைத் தடை

(ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையில் ஆர்ப்ரோத் என்ற மீன்பிடி ஊர். கேஃபீல்ட் பார்க் கால்பந்து மைதானம். சனிக்கிழமை, மணி மூன்று ஆகப் போகிறது. மதில் சுவருக்கு அந்தப் பக்கம் நாலு எட்டு வைத்தால் வட கடல். டண்டீயில் வேலை பார்க்கும் மருமகனும், மகளைப் பார்க்க வந்திருக்கும் மாமனாரும் நிற்கிறார்கள். மாமனார் உள்ளாட்சி நிதித் தணிக்கைத் துறையில் ஓய்வு பெற்றவர். துறைதான் அவருக்கு ஓய்வு கொடுத்தது. அவர் துறைக்கு இன்னும் கொடுக்கவில்லை.)

மாமனார்: மாப்பிள்ளை, இந்த டிக்கெட்டில் நாற்காலி எண்ணைக் காணோமே?

மருமகன்: எண் கிடையாது மாமா. ஒரு பக்கம்தான் நாற்காலி. மற்ற மூன்று பக்கமும் படிக்கட்டு. நின்றுகொண்டு பார்ப்பதுதான் இங்கே ருசியே.

மாமனார்: நல்லது, நல்லது. எனக்கு ஒன்றும் இல்லை. என் மூட்டு டாக்டர்தான் ஏதாவது நினைத்துக்கொள்வார்.

(காற்று அடிக்கிறது. மாமனாரின் குரங்குக் குல்லாய் மேல் மகள் மாட்டிவிட்ட பின்னல் தொப்பி பறக்கப் பார்க்கிறது. அவர் அதை ஒரு கையால் அமுக்கிக்கொள்கிறார். ஆட்டம் முழுக்க அந்தக் கை அங்கேயேதான்.)

மருமகன்: குளிருகிறதா மாமா?

மாமனார்: எனக்கா? சேச்சே! பல்தான் தானாக ஆடுகிறது. உங்களுக்கு?

மருமகன்: எனக்கும் இல்லை மாமா. காது இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள், போதும்.

மாமனார்: எல்லார் கையிலும் ஆவி பறக்கிறதே, காபியா?

மருமகன்: போவ்ரில். மாட்டிறைச்சிச் சாற்றை வெந்நீரில் கரைத்து, மிளகுத் தூள் போட்டுக் குடிப்பார்கள். நீங்கள்... வேண்டாம் மாமா. அத்தைக்குத் தெரிந்தால் என்னைத் தொலைத்துவிடுவார்கள்.

மாமனார்: குளிருக்கு மருந்து மாதிரி என்கிறீர்கள்?

மருமகன்: அப்படித்தான் சொல்வார்கள்.

மாமனார்: மருந்தில் என்ன சேர்க்கிறார்கள் என்று நான் எப்போதும் கேட்பதில்லை. ஒன்று வாங்குங்கள்.

மருமகன்: இதைவிடச் சூடாக ஒன்றும் கிடையாது மாமா. 1980 ஸ்காட்டிஷ் கோப்பை இறுதிப் போட்டி முடிந்ததும் செல்டிக், ரேஞ்சர்ஸ் என்ற இரண்டு பெரிய கிளப்புகளின் ரசிகர்கள் மைதானத்துக்குள் இறங்கி அடித்துக்கொண்டார்கள். சட்டமே போட்டுவிட்டார்கள். அன்றிலிருந்து இந்தப் படிக்கட்டில் நின்று பீர் குடிக்க முடியாது.

மாமனார்: நான் கேட்கவில்லையே.

மருமகன்: தகவலுக்குச் சொன்னேன்.

மாமனார்: தகவல் பதிவு செய்யப்பட்டது.

(மருமகன் ஒரு கோப்பையும் இரண்டு ஸ்காட்ச் பையும் வாங்கி வருகிறார். ஸ்காட்ச் பை என்பது உள்ளங்கை அகல மாவுக் கிண்ணம். உள்ளே கொத்திய ஆட்டுக்கறி. மேல் மூடி விளிம்புக்குக் கொஞ்சம் கீழே இறங்கியிருக்கும். அந்தப் பள்ளத்தில் குழம்பு ஊற்றிக்கொள்ளலாம். இன்றைக்கு அதில் மழைதான் ஊற்றுகிறது.)

மாமனார்: அந்த மூன்றாம் நம்பர்காரர் காலை எடுத்து வைப்பதைப் பார்த்தால் முழுநேர ஆட்டக்காரர் மாதிரித் தெரியவில்லையே?

மருமகன்: சரியாகச் சொன்னீர்கள். ஆர்ப்ரோத் பகுதிநேரக் கிளப் என்றே பேர் வாங்கியது. பகலில் வேறு வேலை, சாயங்காலம் பயிற்சி. குப்பை வண்டியில் வேலை பார்த்துக்கொண்டே ஒருவர் இங்கே வருஷக்கணக்காக ஆடினார். அப்படியே 2021-22 சீசனில் சாம்பியன்ஷிப் என்ற இரண்டாம் நிலைப் பிரிவில் இரண்டாம் இடம்! கடைசிக்கு முந்தின ஆட்டத்தில் கில்மார்னக்கிடம் 2-1 என்று தோற்றதில் முதலிடம் கை நழுவியது. இல்லாவிட்டால் மேல் பிரிவுக்குப் போய், செல்டிக்கும் ரேஞ்சர்ஸும் இந்தக் காற்றுக்கு வந்திருக்க வேண்டும்.

மாமனார்: இரண்டு இடத்தில் சம்பளம். துறையில் அனுமதி வாங்கியிருப்பார்கள் இல்லையா?

மருமகன்: மாமா, ஆட்டத்தைப் பாருங்கள்.

மாமனார்: பார்க்கிறேன். அரை மணி நேரமாகப் பந்து ஒரு மூலையிலேயே கிடக்கிறது. இந்த அணி எப்போதாவது கோல் போட்டிருக்கிறதா?

மருமகன்: என்ன மாமா இப்படிக் கேட்டுவிட்டீர்கள்! 36 கோல் போட்ட கிளப் இது!

மாமனார்: ஒரு வருஷத்துக்கா? பரவாயில்லை.

மருமகன்: ஒரே ஆட்டத்தில். 1885 செப்டம்பர் 12. ஸ்காட்டிஷ் கோப்பை. அபர்தீனிலிருந்து வந்த போன் அக்கார்ட் அணிக்கு எதிராக 36-0.

(மாமனார் கையுறையைக் கழற்றுகிறார். உள்பையிலிருந்து குறிப்பேடும் பேனாவும் வெளியே வருகின்றன. குளிர் எங்கே போயிற்றோ தெரியவில்லை.)

மாமனார்: 90 நிமிஷம், 36 கோல். இரண்டரை நிமிஷத்துக்கு ஒன்று. பந்தை எடுத்துவரும் நேரம் இதில் அடக்கமா?

மருமகன்: அதுதான் வேடிக்கை. அப்போது கோல் கம்பத்தில் வலையே கிடையாது. ஒவ்வொரு தடவையும் பந்தைத் துரத்திக்கொண்டு ஓட வேண்டும்.

மாமனார்: அப்படியானால் கணக்கு இன்னும் இடிக்கிறது. யார் யார் எத்தனை?

மருமகன்: ஜாக்கி பெட்ரி என்ற 18 வயசுப் பையன் மட்டும் 13.

மாமனார்: மீதி 23?

மருமகன்: யாராவது எழுதி வைத்திருப்பார்கள் மாமா.

மாமனார்: "வைத்திருப்பார்கள்" என்பது வவுச்சர் ஆகாது. சரி, இவர்களுடைய கோல்கீப்பர் என்ன செய்துகொண்டிருந்தார்?

மருமகன்: ஜிம் மில்ன். பந்து பக்கத்திலேயே வரவில்லை. மழைக்குப் பார்வையாளர் ஒருவரிடம் குடை வாங்கிப் பிடித்துக்கொண்டு, பைப் புகைத்தபடி நின்றாராம்.

மாமனார்: பணி நேரத்தில் புகை. (எழுதுகிறார்.) குடை திருப்பிக் கொடுக்கப்பட்டதா?

மருமகன்: தெரியாது மாமா! ஆனால் இன்னொன்று சொல்கிறேன். நடுவர் ஏழு கோலைச் செல்லாது என்று தள்ளிவிட்டார். பின்னால் அவரே அதற்கு வருத்தப்பட்டாராம்.

மாமனார்: ஏழா! ஏழு கோல் கணக்கில் வராமல் 140 வருஷமாக நிலுவையில் கிடக்கிறதா? நீங்களெல்லாம் இங்கே வந்து நின்று பை சாப்பிடுகிறீர்கள்!

மருமகன்: மெதுவாக மாமா, திரும்பிப் பார்க்கிறார்கள்.

மாமனார்: பார்க்கட்டும்.

மருமகன்: அதே நாள் நம் டண்டீயில் என்ன நடந்தது தெரியுமா? டண்டீ ஹார்ப் என்ற அணி அபர்தீன் ரோவர்ஸை 35-0 என்று அடித்தது. நடுவர் எழுதி வைத்திருந்தது 37. ஹார்ப் செயலாளர்தான் "ஐயா, நான் எண்ணியது 35" என்று போய்ச் சொல்ல, நடுவரும் சரி, 35 என்று போட்டுவிட்டார்.

மாமனார்: ஜெயித்த கிளப்பின் செயலாளரா?

மருமகன்: ஆமாம். வாயை மூடிக்கொண்டிருந்தால் 37, சாதனை அவர்களுடையது. சொல்லப்போய் ஒரு கோலில் ஆர்ப்ரோத்துக்குப் போய்விட்டது.

(மாமனார் குல்லாயோடு சேர்த்துத் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்கிறார். மைதானத்தில் யாரோ காலில் அடிபட்டுக் கிடக்கிறார். பக்கத்திலிருந்த பெரியவர் இதை அந்த ஆட்டக்காரருக்கான மரியாதை என்று நினைத்துத் தானும் தொப்பியைக் கழற்றுகிறார்.)

மாமனார்: என் சர்வீஸில் 35-ஐ 37 ஆக்கிய செயலாளர்களைத்தான் மாப்பிள்ளை பார்த்திருக்கிறேன்.

(இடைவேளை. கூட்டம் எதிர்ப்பக்கம் நடக்கிறது. ஆர்ப்ரோத் எந்தக் கோலை நோக்கி ஆடுகிறதோ அதன் பின்னால் போய் நிற்பது இங்கே வழக்கம். மூட்டு டாக்டரை மறந்துவிட்டு மாமனாரும் போகிறார். மழை வலுக்கிறது. ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை.)

மாமனார்: இவர்கள் ஏன் கிளம்ப மாட்டேன் என்கிறார்கள்?

மருமகன்: ஊர் வாகு அப்படி மாமா. 1320-இல் இந்த ஊர் மடத்திலிருந்து போப்புக்கு ஒரு கடிதம் போயிற்று. எங்களில் நூறு பேர் உயிரோடு இருக்கும் வரை இங்கிலாந்துக்கு அடங்க மாட்டோம் என்று.

மாமனார் (கூட்டத்தை எண்ணிவிட்டு): நூறுக்கு மேலேயே இருக்கிறார்கள். இன்றைக்கு அடங்க வேண்டியதில்லை.

(எதிரணிக் கோல்கீப்பர் தன் கோல் முன்னால் பந்தை வைத்துக் கோல்கிக் அடிக்கிறார். பந்து மேலே போகிறது. கடல் காற்று அதை நடு வானத்தில் நிறுத்தி, கொஞ்சம் யோசித்து, வந்த வழியே திருப்பி அனுப்புகிறது. கோல்கீப்பர் பின்னால் ஓடுகிறார். பந்து அவர் தலைக்கு மேலே போய் வலையில் விழுகிறது.)

மாமனார்: கோல்! மாப்பிள்ளை, கோல்! (பக்கத்துப் பெரியவரைக் கட்டிப் பிடிக்கிறார். பெரியவர் சிரித்துக்கொண்டே தலையை ஆட்டுகிறார்.) ஏன் இவர் மறுக்கிறார்?

மருமகன்: கோல் கிடையாது மாமா. கோல்கிக் நேராகத் தன் கோலிலேயே விழுந்தால் எதிரணிக்குக் கார்னர்தான், மூலையிலிருந்து ஒரு உதை. விதி.

மாமனார்: பந்து வலைக்குள் இருக்கிறது. என் கண்ணால் பார்த்தேன்.

மருமகன்: நடுவரும் பார்த்தார்.

மாமனார்: 1885-இல் ஏழு. இன்றைக்கு ஒன்று. ஆக எட்டு! (எழுதுகிறார். மழையில் மை கரைகிறது.) நீங்களும் ஒரு கையெழுத்துப் போடுங்கள், சாட்சி வேண்டும்.

(கார்னர் அடிக்கப்படுகிறது. பந்து ஆட்டக்காரர்களைத் தாண்டி, படிக்கட்டைத் தாண்டி, சுவரையும் தாண்டிப் போகிறது.)

மாமனார்: பந்து?

மருமகன்: கடலில் மாமா. வேறு கொண்டுவருவார்கள்.

மாமனார்: இருப்புப் பதிவேட்டில் கழிப்பார்களா?

மருமகன்: மாமா!

(ஆட்டம் முடிகிறது. 0-0. வெளியே வரும்போது மாமனாரின் போன் அடிக்கிறது.)

மாமனார்: சொல்லு... ஆமாம், முடிந்தது... அதிகாரபூர்வமாக இரண்டு பக்கமும் சைபர். ஆனால் ஒரு தணிக்கைத் தடை போட்டிருக்கிறேன்... குளிரா? இல்லையே. சூடாக ஒன்று குடித்தேன்... என்ன குடித்தேனா? (போனைக் கையால் பொத்திக்கொண்டு) மாப்பிள்ளை, சிக்னல் போய்விட்டது என்று சொல்லுங்கள்.

மருமகன் (போனை வாங்கி): அத்தை, வணக்கம். மாமாவுக்குச் சிக்னல் போய்விட்டது.